குப்புறப் படுத்துக் கேட்ட கதைகள்

வானொலி நிலையத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளி முதல் நிலைய இயக்குநர் வரை எல்லோருக்கும் முதுகுக்குப் பின்னால் கத்தரி, முகத்துக்கு நேரே சார். செய்திப் பிரிவின் ஆசிரியர். எவ்வளவு நீளமான செய்தியைக் கொண்டுவந்து போட்டாலும் வாசிக்கும் நேரத்துக்கு அளவாக நறுக்கிக் கொடுத்துவிடுவார். முழுதாகப் படித்துக்கூடப் பார்க்க மாட்டார் என்று ஆகாதவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். செய்தி எழுதுகிறவன் முக்கியமானதை முதல் வரியில் வைப்பான்; அதற்கு அடுத்தபடியானதை அடுத்த வரியில் வைப்பான்; போகப் போகச் சரக்கு குறைந்துகொண்டே வரும். நேரம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டிக்கொண்டு வர வேண்டியதுதான். தலை பத்திரமாக இருந்தால் வாலைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. இந்த ஒரு சூத்திரத்தை வைத்துக்கொண்டு மனிதர் தன் உத்தியோகக் காலத்தையே ஓட்டிவிட்டார். அதை அவர் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போவார் என்று யார் கண்டது?

அவர் மனைவிக்குப் பல் செய்கிற வேலை. பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்ப, அதைப் பார்த்து மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, சுட்டு, மெருகேற்றிக் கொடுக்கும் பட்டறை ஒன்றில் ஜன்னலோர இருக்கை அவளுடையது. பல்லில் எத்தனை வெள்ளை உண்டு என்று கேட்டால் அரை நாள் பேசுவாள். நாலு பேர் கூடும் இடத்தில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் கணவரின் முழங்கையை இடித்து, "மேல் வரிசையில இடது பக்கம் ரெண்டாவது, நம்ம கைவேலை" என்பாள். பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு நாள் வலக் கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ திரை இறங்குவதுபோல் தெரிந்தது. தூசு என்று கழுவினாள். மறுநாள் திரை பாதிக் கண்ணை மூடியது. இடக் கண் சிறு வயதிலிருந்தே பேருக்குத்தான் கண். கண் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, விழித்திரை பிய்ந்துகொண்டு வருகிறது, உடனே அறுவைச் சிகிச்சை என்றார். செய்தார்கள். கண்ணுக்குள்ளே ஒரு வாயுக் குமிழியை விட்டு, அது மேலே எழும்பி விழித்திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும், அதனால் குப்புறவே படுத்திருக்க வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். சாப்பிடவும் குளிக்கவும் எழுந்தாலும் தலை குனிந்தபடியே இருக்க வேண்டும். பார்வை திரும்புமா என்றதற்கு மருத்துவர், "நம்புவோம்" என்றார். மருத்துவர்கள் நம்புவோம் என்று சொன்னால் வீட்டுக்காரர்களுக்குத் தூக்கம் போய்விடும்.

முகத்துக்கு மட்டும் ஓட்டை விட்ட உயரமான மேசை ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டார்கள். அதில் அவள் குப்புறப் படுத்து ஓட்டை வழியாகத் தரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பார்க்கத் தரைகூடச் சரியாகத் தெரியவில்லை. பட்டறை முதலாளி தொலைபேசியில், "உங்க இடத்துல ஒரு ஈ உட்கார விடமாட்டேன், நிதானமா வாங்க" என்றார். அந்த வார்த்தைதான் அவளுக்கு அப்போது ஊன்றுகோல். தினமும் ஒரு தடவையாவது, "என் மெழுகுக் கத்தியை யாரும் எடுக்காம பார்த்துக்கச் சொல்லணும்" என்பாள்.

கத்தரி மதியம் வரை விடுப்பு எடுத்துக்கொண்டார். மாலைச் செய்திக்கு மட்டும் போய்வருவது என்று ஏற்பாடு. தான் போகாவிட்டால் செய்தி வாசிக்கப்படாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவராக நினைத்துக்கொண்டார். அவர் கிளம்பும்போது மனைவியின் தங்கை வந்து இருந்துகொள்வாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, அலமாரியில தடியா ஒரு புஸ்தகம் இருக்கும், எடுங்களேன்."

"எது, ராக்கெட் படம் போட்டதா?"

"அதேதான். கண்ணு நல்லா இருந்தப்ப படிக்க நேரமில்ல. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சும்மாவா சொன்னாங்க. ஒவ்வொரு கதையா படிங்க. உங்க குரலை ஊரே கேட்டாச்சு, நானும் கொஞ்சம் கேக்கறேன்."

ஆரம்ப காலத்தில் செய்தி வாசித்தவர் அவர். குரல் கணீரென்று இருக்கும். புத்தகம் பழைய விஞ்ஞானக் கதைகளின் தொகுப்பு. வேறொரு மொழியில் எழுதி, இவர்கள் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்ட ஒரு ஆசாமியின் சிறுகதைகள். யாரோ ஒரு புண்ணியவான் தமிழில் கொண்டுவந்திருந்தார். அவளுக்கு அந்த ஆசாமி பெரியவர். சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் வாரப் பத்திரிகையில் ஒன்றிரண்டு படித்துவிட்டுப் பைத்தியமாகத் திரிந்தாளாம். நிலாவில் யாரும் கால் வைக்காத காலத்திலேயே அங்கே ஆளைக் குடிவைத்து, அவனுக்குத் தண்ணீர்ப் பிரச்சினை, பக்கத்து வீட்டுப் பிரச்சினை, மாமனார் பிரச்சினை எல்லாம் கொடுத்தவர் பெரியவர்.

"நடக்காததை எழுதறதுக்கு ஒரு ஆளு, அதைக் காசு கொடுத்து வாங்க ஒரு ஆளு" என்று முணுமுணுத்தபடி அவர் மேசையின் தலைமாட்டில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவளுடைய பின்னங்கழுத்தும் கூந்தல் முடிச்சும்தான் கண்ணில் பட்டன. அந்த முடிச்சைப் பார்த்துத்தான் வாசித்தார்.

முதல் இரண்டு கதைகள் ஒழுங்காக முடிந்தன. மூன்றாவது கதையில் விண்வெளிக்காரர்கள் சிலர் ஒரு கிரகத்தில் போய் இறங்குகிறார்கள். தெரு இருக்கிறது, வீடுகள் திறந்து கிடக்கின்றன, அடுப்பில் சூடுகூட ஆறவில்லை, ஆளைத்தான் காணோம். வீட்டுக்கு வீடு முற்றத்தில் உயரமான கல் தூண்கள் மட்டும் நிற்கின்றன. கப்பல் தலைவன் தெரு நடுவில் நின்று ஊரைக் கூப்பிடுகிறான். பதில் இல்லை. கத்தரி இந்த இடத்துக்கு வந்தபோது கைப்பேசி அடித்தது. நிலையத்தில் உதவி ஆசிரியர். அமைச்சர் ஒருவர் ராஜினாமாவாம். மிச்சத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பக்கத்துக்குச் சற்று மேல். என்ன இருந்துவிடப்போகிறது? யாரோ இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். "பதில் இல்லை" என்ற சொல்லில் குரலை இறக்கி, செய்தி முடிப்பதுபோல் நிறுத்தி, புத்தகத்தை மூடிவிட்டார்.

மனைவி மேசை குலுங்கச் சிரித்தாள்.

"பெரியவர் பெரியவர்தான். எப்படி அந்தரத்துல விட்டுட்டுப் போறார் பாருங்க. அந்த ஊர்க்காரங்க எங்க போயிருப்பாங்க தெரியுமா? நம்ம ஊரைப் பார்க்கக் கிளம்பியிருப்பாங்க. ரெண்டு கப்பலும் நடு வழியில ஒண்ணையொண்ணு தாண்டிப் போயிருக்கும்."

அவருக்கு அது பிடித்திருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு போகும்போது வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போனார். ஒரு தடவை ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அடுத்த நாளும் நேரம் பார்த்து அடியிலிருந்து வெட்டினார். அதற்கடுத்த நாளும். மழையை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கம்பெனியின் கதை, கம்பெனி வாசலில் குடியானவன் ஒருவன் குடையோடு வந்து நிற்பதோடு முடிந்தது. ஒவ்வொரு கதைக்கும் அவள் ஒரு முடிவு சொன்னாள். தங்கை வந்ததும் அவளிடம் சொல்லி, அவளையும் ஒரு முடிவு சொல்ல வைத்தாள். குப்புறக் கிடந்த அந்த உடம்புக்கு அது பெரிய விளையாட்டாக இருந்தது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவர் நினைத்தார். வெட்டிய பகுதிகளை அவர் தனக்காகக்கூடப் படித்துப் பார்க்கவில்லை. வாலில் விஷயம் இருக்கும் என்று அவருடைய கைக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பிறகு பனிப்பெட்டிக் கதை வந்தது.

அது வெகுதூரம் போகிற கப்பல். போய்ச் சேர மனித ஆயுள் போதாது என்பதால் எல்லோரையும் பனிப்பெட்டிகளில் தூங்க வைத்திருக்கிறார்கள். முறை வைத்து ஒருவர் மட்டும் எழுந்து காவல் பார்க்க வேண்டும். ஒருவருக்கு மட்டுமே அளவான காற்று; தன் முறை முடிந்தவர் பெட்டிக்குள் படுத்த பிறகுதான் கப்பல் அடுத்தவரை எழுப்பும். அந்தக் கப்பலில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருக்கிறார்கள். ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் விழித்திருக்க முடியாது. புருஷன் தன் முறையில் நாள்தோறும் வேலையை முடித்துவிட்டு அவள் பெட்டியருகே வந்து நின்று அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறான். பூட்டு சரிசெய்ததை, குழாய் ஒழுகியதை, எல்லாவற்றையும். பெட்டிக்குள்ளிருந்து ஒரு அசைவும் இல்லை. அவன் முறை முடியப் போகிறது. கடைசியாக வந்து கண்ணாடி மேல் கையை வைக்கிறான்.

கைப்பேசி சட்டைப் பையில் துடிக்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. எட்டிப் பார்த்தார். 'காவல் முறைப் பட்டியலின்படி' என்று புதுப் பத்தி தொடங்கியது. பட்டியல்தானே!

"அவன் கையை எடுக்காமல் அங்கேயே நின்றான்" என்று குரலை இறக்கினார்.

"அவ்வளவுதானா?" என்றாள் அவள்.

"அவ்வளவுதான்."

"அவ எழுந்திரிக்கவே இல்லையா?"

கைப்பேசி மறுபடி துடித்தது. "இல்ல."

"அப்புறமாவது? வேற எதுவுமே போடலையா?"

"கதை முடிஞ்சுதும்மா. தங்கச்சி வந்துட்டா, நான் கிளம்பறேன்."

அன்றைக்கு அவள் முடிவு எதுவும் சொல்லவில்லை. செருப்பை மாட்டும்போது அவருக்கு அது உறைக்கத்தான் செய்தது. ஆனால் கதவைச் சாத்தும்போது மறந்துவிட்டது.

மறுநாள் காலையில் தன் கைப்பேசியை மேசைக்கு அடியில் ஒரு முக்காலி மேல் வைக்கச் சொன்னாள். முதலாளியை அழைக்கச் சொன்னாள். ஓட்டை வழியாகத் தரையைப் பார்த்தபடி, நிதானமாக, தன் இடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னாள். முதலாளி பதறிப் போய், "இடம் எங்கம்மா ஓடிப்போகுது, டாக்டர் சொல்லட்டுமே" என்றார். "இல்லைங்க. பல்லு செய்யற இடத்துல பாதிக் கண்ணை வச்சுக்கிட்டு என்ன பண்றது? அந்த மெழுகுக் கத்தியை வர்றவங்களுக்கே கொடுத்துடுங்க" என்று வைத்துவிட்டாள்.

கத்தரி டீயோடு நின்றிருந்தார். "என்ன திடீர்னு?"

"திடீர்னு இல்ல. நேத்து அந்தக் கதையைக் கேட்டப்புறம் தெளிஞ்சுடுச்சு. பெட்டிக்குள்ள இருக்கறவளுக்கு வெளிய ஆயிரம் பேசலாம், எழுந்திரிக்கற முறை வரலைன்னா வரலைதான். பெரியவரே அவளை எழுப்பல. நான் மட்டும் எழுந்து போயிடுவேன்னு எதுக்கு இடத்தை அடைச்சு வைக்கணும்?"

"உன் இஷ்டம்" என்றார் அவர். "எவ்வளவோ உழைச்சாச்சு. கொஞ்சம் உட்காரலாமே." ஆறுதலாகத்தான் சொன்னார். அவளோ அதற்குமேல் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கத்தியைப் பற்றியும் பேசவில்லை.

அந்த வாரமே நிலையத்தில் மாலைச் செய்தி வாசிக்கிற பெண்ணிடம் பேச்சுவாக்கில் தன் கதாகாலட்சேபத்தைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டார். அவள் கண் விரிந்தது.

"அந்தப் புத்தகமா சார்? பனிப்பெட்டிக் கதை வந்துடுச்சா? அதைப் படிச்சுட்டு ஹாஸ்டல்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதிருக்கேன். அந்தம்மா எழுந்து வர்ற இடம் இருக்கே."

"எந்தம்மா?"

"அவன் பொண்டாட்டி சார். அவளுக்கும் முறை வரும்ல?"

"இன்னும் அந்தக் கதைக்கு வரல" என்றார் கத்தரி. அன்றைக்கு ஒரு செய்தியை வெட்ட மறந்துபோய், வானிலை வாசிக்க நேரமில்லாமல் போனது. நிலையமே அதிசயித்தது.

மறுநாள் மனைவி அசந்து தூங்கும்போது சமையலறையில் நின்று படித்தார். காவல் முறைப் பட்டியலின்படி அடுத்த முறை அவளுடையது. பெட்டி திறக்கிறது. எழுந்திருக்கிறாள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், பனியில், ஓர் உள்ளங்கைத் தடம் உறைந்து நிற்கிறது. அதன் மேல் தன் கையை வைத்துப் பார்க்கிறாள். விரலுக்கு விரல் எட்டவில்லை, பெரிய கை. அப்புறம் சட்டையைச் சரிசெய்துகொண்டு காவல் அறைக்குப் போகிறாள். இருக்கையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்குகிறாள். அவ்வளவுதான் கதை. பக்கத்தைத் திருப்பித் திருப்பி மற்ற வால்களையும் படித்தார். முற்றத்தில் நின்ற தூண்கள்தாம் அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் அசைவதைக் காண மனிதக் கண்ணுக்குப் பொறுமை இல்லை. குடையோடு வந்த குடியானவன் அந்த மழைக் கம்பெனிக்கே குடிதண்ணீர் விற்க வந்தவன். பெரியவர் ஒவ்வொரு கதையிலும் கைச்சரக்கையெல்லாம் கடைசியில்தான் வைத்திருந்தார். இவர் கதை கதையாக வெண்ணெயை வழித்தெறிந்துவிட்டு மோரை ஊற்றியிருந்தார்.

கூடத்தை எட்டிப் பார்த்தார். பின்னங்கழுத்து; முடிச்சு. இப்போதே எழுப்பிச் சொல்லிவிடலாம். அவ எழுந்திரிச்சாம்மா, எழுந்து வேலைக்குப் போனா, நான்தான் படிக்கல. இத்தனைதான் சொல்ல வேண்டியது.

சொல்லவில்லை. தூங்குகிறவளை எழுப்புவானேன் என்று அப்போது தோன்றியது. எழுந்த பிறகு, சாப்பிடட்டும் என்று தோன்றியது. சாயங்காலம் தங்கை வந்துவிட்டாள். அவள் எதிரில் எப்படி? அடுத்த நாள் வேறொரு நியாயம் கிடைத்தது: சொல்லி, அவள் ஆசைப்பட்டு, கடைசியில் கண் வராமல் போனால்? நம்புவோம் என்றுதானே மருத்துவர் சொன்னார். ஆசை காட்டி மோசம் செய்வதைவிடச் சும்மா இருப்பது மேல். கோழைத்தனத்துக்கு இரக்கம் என்று பேர் வைத்துவிட்டால் மனிதன் நிம்மதியாகச் சாப்பிடலாம். அவரும் சாப்பிட்டார், ஆனால் ருசிக்கவில்லை.

தங்கை ஒரு நாள் வந்து, "அக்கா, பட்டறையில ஒரு பொண்ணு கிடைச்சுட்டாளாம். திங்கட்கிழமை சேர்றாளாம்" என்றாள். திங்கட்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. "நல்லதாப் போச்சு" என்றாள் மேசைக்கு அடியிலிருந்து அவள். கத்தரி வாய் திறந்தார். "டீ போடட்டுமா?" என்று கேட்டார். வாழ்நாளெல்லாம் செய்தியை எவனும் தனக்கு முன்னால் சொல்லிவிடக் கூடாதே என்று ஓடியவர், ஒரே ஒரு செய்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை வந்து போனது.

மிச்சக் கதைகளை மட்டும் ஒரு சொல் விடாமல் வாசித்தார். கைப்பேசியை அணைத்து வைத்தார். நிலையத்துக்குத் தாமதமாகப் போனார்; செய்தி அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

"இப்பல்லாம் பெரியவர் கதையை முடிச்சுடறாரே" என்றாள் அவள். "வயசாயிடுச்சு போல. அந்தரத்துல விடற தைரியம் போயிடுச்சு."

அவர் சிரித்துவைத்தார்.

குப்புறக் கிடக்கும் காலம் முடிந்தது. குமிழி மெல்லக் கரைந்து சிறுத்து, அதன் மேலாகப் பார்வை எட்டிப் பார்த்தது. கண் மருத்துவர் எழுத்துகளைக் காட்டினார். அவள் பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்துவரை தடங்கலில்லாமல் இறங்கி வந்தாள். மருத்துவருக்கே சந்தோஷம் தாங்கவில்லை. "கண்ணாடி போட்டுக்கோங்க. கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் உங்க பல் வேலையைக்கூடப் பார்க்கலாம்" என்றார். அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், அழுகிறபோது மருத்துவரின் பல்லைப் பார்த்து, "கீழ் வரிசையில ஒண்ணு யார் வேலை, கலர் சேரலையே" என்றாள்.

திரும்பும் வழியில் பட்டறைத் தெரு வழியாகப் போகலாம் என்றாள். எதிர்ச் சாரியில் நின்று பார்த்தாள். ஜன்னலோரத்தில் ஒரு பெண் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு மெழுகில் குனிந்திருந்தாள். ஒருத்தர் பார்ப்பது தெரியாமல் வேலையில் மூழ்கியிருந்தாள்.

"கத்தியை நல்லாத்தான் பிடிக்கறா" என்றாள் மனைவி. சிறிது நேரம் நின்றுவிட்டு, "வாங்க போலாம், வெயில் கண்ணைக் கூசுது" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு அந்தக் கையை உதறிவிட்டு ஓட வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு நம்பிக்கையாகப் பிடித்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் காய்கறி வாங்கப் போனார். போகும்முன் அந்தத் தடிப் புத்தகத்தை அலமாரியின் மேல் தட்டில் போர்வைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டுத்தான் போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். திரும்பி வந்தபோது போர்வைகள் கட்டிலில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவள் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். புத்தகம் மடியில்.

"உக்காருங்க" என்றாள்.

பையோடு உட்கார்ந்தார்.

"தூணெல்லாம் ஆளுங்களாம்."

"ம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"அப்பத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. நானும் அதைப் படிக்கலைம்மா. போன் வந்துச்சு, நேரமாச்சு, மிச்சத்துல என்ன இருக்கப்போகுதுன்னு..."

"படிக்காமலே வெட்டிட்டீங்க."

"கைப்பழக்கம்."

அவள் லேசாகச் சிரித்ததைப் பார்த்து அவருக்கு உயிர் வந்தது. "அது தெரிஞ்சதுதானே" என்றாள். "நான் பேசறதையே முதல் வரியோட நிறுத்திக்கிற ஆளு. பெரியவர் என்ன, எனக்கு மேலயா?"

இதோடு போயிற்று என்று நினைத்தார். ஒரு சண்டை, ஒரு வாரம் பேச்சுவார்த்தை குறைவு, பிறகு சரியாகிவிடும். பையைச் சுவரோரம் வைத்தார்.

"அப்பத் தெரியாதுன்னா" என்றாள் அவள், "பின்னாடி தெரிஞ்சுதா?"

சுவரோரம் வைத்த பையை அவர் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"மிச்சக் கதையெல்லாம் முழுசா படிச்சீங்களே. அப்பவே தெரியுமா?"

"ஆபீஸ்ல அந்தச் செய்தி வாசிக்கற பொண்ணு சொல்லுச்சு. அப்புறம் படிச்சுப் பார்த்தேன்."

"பனிப்பெட்டிக் கதையுமா?"

"ம்."

"அது எப்போ? அந்தப் பொண்ணு என் இடத்துல வந்து உக்கார்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பின்னாடி என்று சொல்லியிருக்கலாம். அவள் யாரிடமும் போய் விசாரிக்கப் போவதில்லை. ஆனால் அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் பின்னங்கழுத்தைப் பார்த்தே பேசிப் பழகியவருக்கு, இரண்டு கண்ணும் திறந்திருந்த அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை.

"முன்னாடி" என்றார்.

அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவ எழுந்திரிச்சா, போய் வேலையில உக்காந்தாங்கறது எனக்கு அப்பத் தெரிஞ்சிருந்தா, ஒரு போன் போட்டிருப்பேன். அவரு வச்சிருந்திருப்பாரு என் இடத்தை."

"கண்ணு வருமோ வராதோன்னு..."

"வரலைன்னா வரலைன்னு நான் அழுதுட்டுப் போறேன். அது என் கண்ணு."

"நாளைக்கே போய் முதலாளிகிட்ட நான் பேசறேன். தப்பு என்னோடதுன்னு சொல்றேன்."

"வேண்டாம். அந்தப் பொண்ணை எழுப்பி அனுப்பிட்டு அங்க நான் போய் உக்காரவா?"

அவர் என்ன செய்தால் சரியாகும் என்று தேடி, கடைசியில் கையில் இருந்த ஒன்றே ஒன்றை நீட்டினார். "அந்தக் கதையை முதல்லேருந்து ஒரு தடவை படிச்சுக் காட்டட்டுமா? ஒரு வரி விடாம. போனையெல்லாம் தூக்கி உள்ள போட்டுடறேன்."

அவள் புத்தகத்தை அவர் பக்கம் நீட்டவில்லை. கோபமாகவும் பார்க்கவில்லை, அதுதான் அவரைக் கொன்றது.

"வேண்டாங்க. இனிமே நீங்க எதைப் படிச்சாலும் கதை என் காதுல ஏறாது. இன்னும் எத்தனை பக்கம் மிச்சம் இருக்குன்னுதான் பார்த்துக்கிட்டு இருப்பேன்."